வலது முன் சக்கரம்

காலை 8.20.

மலைச்சாலையின் நான்காவது வளைவில் பல் டாக்டரின் கார் பள்ளத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. ஸ்டீயரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவே டாக்டர் இறந்து கிடந்தார். கார் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்ததால் வலது முன்பக்கம் அந்தரத்தில் தூக்கி நின்றது. அங்கே சக்கரம் இல்லை. சக்கரத்தை மாட்டும் ஹப்பும், ஐந்து போல்ட்டுகளும், பிரேக் டிஸ்க்கும் மட்டும் தூறலில் நனைந்துகொண்டிருந்தன. சக்கரம் மேட்டில் ஒரு புதருக்குள் கிடந்தது.

ஏட்டு அதற்குள் வழக்கையே முடித்து வைத்திருந்தார். ஆய்வாளர் ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் கதையை ஆரம்பித்துவிட்டார்.

"ரொம்ப சாதாரண கேஸ் மேடம். போன வாரம்தான் கார்ல ஸ்பேசர் போட்டிருக்காங்க. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவுல வைக்கிற அலுமினியத் தட்டு. சக்கரம் கொஞ்சம் வெளிய தள்ளி நிக்கும். போட்டவன் நட்டை ஒழுங்கா இறுக்கல. இதோ, புல்லுல கிடந்துச்சு."

ஆய்வாளர் தட்டை வாங்கிப் பார்த்தார். ஐந்து மில்லிமீட்டர் கனம். ஒரு பக்கம் சக்கரத்தின் முதுகு பதிந்த தடம், பூவிதழ் மாதிரி. மறுபக்கம் பளபளவென்று சுத்தம். பையில் போடச் சொல்லிவிட்டு, ஒற்றைக்கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஹப்பின் அருகே குனிந்தார். ஹப்பின் விளிம்பில் செம்பு நிறத்தில் மெல்லிசாக ஏதோ கிரீஸ் பூசியிருந்தது. மழை அதை அசைக்கவில்லை. போல்ட்டுகளின் மரை அடியிலிருந்து புத்தம் புதிதாக இருந்தது. நுனியில் நாலு மரை மட்டும் வழித்தெடுத்தாற்போல் நாசமாகியிருந்தது.

சாலையோரம் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. ஊருக்குள் கார் அலங்காரப் பொருள் கடை வைத்திருப்பவன். போலீசுக்குச் சொன்னதும் அவன்தான், 7.50க்கு.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஏழே முக்கால் இருக்கும். மாமா வீட்டுக்கு வரலையேன்னு தேடிக்கிட்டு வந்தேன். வந்தப்பவே உயிர் இல்ல மேடம்."

"எதையாவது தொட்டீங்களா?"

"கதவைத் திறக்கப் பார்த்தேன். அவ்வளவுதான்."

"கையில என்ன?"

வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது. அவிழ்க்கச் சொன்னார். கட்டைவிரலிலும், அதற்கு எதிரே மூன்று விரல்களின் நுனியிலும் கொப்புளம் எழும்பியிருந்தது.

"பானெட் சுட்டுடுச்சு மேடம்."

ஆய்வாளர் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டார்.

கல்குவாரிக் காவலாளி கீழேயிருந்து ஏறி வந்து தன் பங்கைச் சொல்லிவிட்டுப் போனார். ஏழு மணிச் சங்கு ஊதும்போது தடாலென்று ஒரு சத்தம் கேட்டதாம். பாறை உருளுகிறது என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டாராம். அவரவர் காரியம் அவரவருக்கு.

காலை 10.15.

பட்டறைக்காரரைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். ஐம்பது வயது. பட்டறைத் தெருவில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்ட அரை நாள் எடுப்பார் என்பது கிண்டல், ஆனால் கிண்டல் செய்கிறவர்கள் எல்லாம் தங்கள் வண்டியை அவரிடம்தான் விடுவார்கள். வாசல் படிக்கட்டில் அவர் மனைவி, வருகிற போகிற போலீஸ்காரர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை ஸ்பேசர் போட்டீங்க?"

"நாலு சக்கரத்துக்கு நாலும்மா. டாக்டர் அகலமான அலாய் வீல் வாங்கி மாட்டிட்டார். டயர் உள்பக்கம் உரசுச்சு. அதுக்காகப் போட்டோம்."

"என்ன கனம்?"

"அஞ்சு. கம்பெனி போல்ட்டை வச்சுக்கிட்டு அதுக்கு மேல போகக்கூடாது. போகணும்னா நீள போல்ட்டு மாத்தணும்."

"ஏன்?"

"தட்டு எவ்வளவு கனமோ, நட்டுக்கு அவ்வளவு மரை குறையும். போல்ட்டு எவ்வளவு தடிமனோ அந்த அளவுக்காவது நட்டு உள்ள ஏறிப் பிடிக்கணும். இந்த வண்டிக்கு எட்டு சுத்து. கையால சுத்தி எண்ணிப் பார்த்துட்டுத்தான் ஸ்பேனரே எடுப்பேன். எட்டு ஏறுச்சு."

"ஹப்புல என்ன பூசினீங்க?"

"துருவை பிரஷ் போட்டு எடுத்துட்டு, விளிம்புல மட்டும் செம்பு கிரீஸ். தட்டு ஒட்டிப் பிடிச்சுக்காம இருக்க. மரையில படவே விட மாட்டேன்."

"நாலு ஹப்புலயுமா?"

"நாலுலயும்தாம்மா."

ஆய்வாளர் எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த மனிதர் உடைந்துபோனார்.

"நான்தான் காரணம்னு எழுதிக்குங்க. நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, நட்டை மறுபடி இறுக்கணும்னு சொல்லி அனுப்பினேன். அவர் வரல. போன்ல மட்டும் பேசினார். வலது முன்னாடி இன்னும் லேசா உரசுதுன்னார். நீள போல்ட்டு வர நாலு நாள் ஆகும், அதுவரைக்கும் பழைய சக்கரத்தை மாட்டிக்கலாம், வாங்கன்னேன். சரின்னார். நான் வீட்டுக்கே போய் இழுத்துட்டு வந்திருக்கணும். இனிமே நான் ஸ்பேனரைத் தொடப்போறதில்ல."

ஏட்டுக்கு முகமெல்லாம் பல். "ஒப்புக்கிட்டான் மேடம். நாலு மணிக்கு மாஜிஸ்திரேட்கிட்ட கொண்டு போயிடலாம்."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவனைத் தடுக்கச் சட்டத்தில் இடம் கிடையாது. ஆய்வாளருக்கு அது எரிச்சலாக இருந்தது. குற்றவாளிகள் இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதை அவர் பார்த்ததில்லை.

"காரை ஸ்டேஷனுக்கு இழுத்துட்டு வாங்க. மத்த மூணு சக்கரத்தையும் கழட்டுங்க. டாக்டரோட போன்ல கடைசியா யார்கிட்ட பேசினார்னு பாருங்க."

மதியம் 1.30.

மூன்று சக்கரங்களும் கழன்றன. மூன்று தட்டுகளை மேசையில் வரிசையாக வைத்து, நான்காவதாகப் புல்லில் கிடைத்ததை வைத்தார். முதல் மூன்றின் துளை விளிம்பிலும் செம்பு கிரீஸ் ஒட்டியிருந்தது. நான்காவதில் ஒரு பொட்டுகூட இல்லை. ஆய்வாளர் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் போனில் வந்தார். "உள்ளுக்குள்ள ரத்தக்கசிவு. உடனே சாகல. அரை மணி, முக்கால் மணி நேரம் உயிர் இருந்திருக்கும்."

"அப்ப கொண்டு வந்திருந்தா?"

"பிழைக்க வச்சிருப்போம்."

ஆய்வாளர் ரிசீவரை வைத்த பிறகும் கையை அதிலிருந்து எடுக்கவில்லை. ஏட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். டாக்டர் கடைசியாகப் பேசியது 6.52க்கு, மச்சானிடம்.

மாலை 3.00.

டாக்டர் வீட்டின் முன்னறையில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். டாக்டரின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். தம்பி அவள் பக்கத்தில், அக்காளின் தோளில் கை போட்டபடி இருந்தான்.

"காலையில மாமா உங்களுக்குப் போன் பண்ணினாரே, என்ன சொன்னார்?"

"சும்மாதான் மேடம். வந்துட்டிருக்கேன்னு."

"சக்கரம் ஆடுதுன்னு சொல்லலையா?"

அவன் கட்டுப்போட்ட கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான்.

ஆய்வாளர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"பட்டறையில வச்சது ஒரு தட்டு. அதுல எட்டு சுத்து பிடிக்கும். ஆனா போல்ட்டுல நுனி நாலு மரைதான் போயிருக்கு. நட்டு தளர்ந்து கழண்டிருந்தா போல்ட்டு முழுக்க அடிபட்டிருக்கும். இது நல்லா இறுக்கின நட்டுதான். பிடிச்சுக்க மரை இல்லாம பிய்ச்சுக்கிட்டு வந்திருக்கு. அப்படின்னா அங்க இருந்தது ஒரு தட்டு இல்ல, ரெண்டு."

"அதையும் அந்தப் பட்டறைக்காரன்தான்..."

"அவர் வச்சிருந்தா ரெண்டுமே அங்கயே கிடந்திருக்கும். எனக்கு ஒண்ணுதான் கிடைச்சுது. அதுவும் வெளித்தட்டு. சக்கரத்தோட தடம் அதுல இருக்கு, ஹப்போட கிரீஸ் இல்ல. அது ஹப்பைத் தொட்டதே கிடையாது, நடுவுல இன்னொண்ணு இருந்திருக்கு. சக்கரம் பிய்ச்சுக்கிட்டப்ப வெளித்தட்டு புல்லுல விழுந்துடுச்சு. உள்தட்டு ஹப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஒண்ணு மட்டும் மிஞ்சினா பழி பட்டறைக்குப் போயிடும், ரெண்டும் ஒரே மாதிரி தட்டு, எதை எடுத்தா என்னன்னு கண்ணுக்குப் பட்டதை உருவிட்டீங்க. எடுத்தது பட்டறைக்காரர் வச்ச தட்டு, விட்டுட்டு வந்தது உங்க தட்டு."

அக்காள் தம்பியின் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"பானெட் சுட்டா உள்ளங்கை சுடும். உங்களுக்குக் கட்டைவிரலும் எதிர்விரலும் வெந்திருக்கு. ஒரு தட்டை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தாதான் அப்படி வேகும். மலையிறக்கம் முழுக்க பிரேக் பிடிச்சு வந்த டிஸ்க்கு அது. தூறல்ல முக்கால் மணி நேரம் நின்னா ஆறிப்போயிருக்கும். வண்டி விழுந்தது ஏழு மணிக்கு. ஏழே காலுக்குள்ள நீங்க அங்க இருந்திருக்கீங்க. எங்களுக்குச் சொன்னது ஏழு அம்பதுக்கு."

வாசலில் நின்ற அவனுடைய பைக்கைச் சோதித்து ஏட்டு ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினார். துளை விளிம்பில் செம்பு கிரீஸ். ஓரத்தில் காய்ந்துபோன தோல்.

முழுப் பூசணிக்காய் வெளியே வந்துவிட்டது. இனி மறைக்கச் சோறு இல்லை.

"மாமாதான் அவசரப்பட்டார்," என்றான். "நாலு நாள் காத்திருக்க முடியாதுன்னார். என் கடையில இருந்த தட்டுல ஒண்ணை நேத்து நான்தான் மேல வச்சு இறுக்கினேன். நட்டு ஏறுச்சே, போதும்னு நினைச்சேன். காலையில சக்கரம் ஆடுதுன்னார். மெதுவா இறங்கி வாங்க, நான் எதிர்ல வர்றேன்னேன். வந்து பார்த்தா இப்படி. என் கடை போயிடும், ஜெயிலுக்குப் போயிடுவேன்னு பயந்துட்டேன் அக்கா. நான் வேணும்னு செய்யல."

"நீங்க போனப்ப அவருக்கு உயிர் இருந்துச்சா?" ஆய்வாளர் கேட்டார்.

அவன் சுவரைப் பார்த்தான்.

அக்காள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "பேசினாராடா?"

"அக்கா..."

"பேசினாரான்னு கேக்கறேன்."

"தண்ணி கேட்டார்."

"குடுத்தியா?"

"தட்டைக் கழட்டிட்டு வந்து குடுக்கலாம்னு... கை வெந்துடுச்சு அக்கா. துணி தேடி எடுத்து, திரும்பப் போய்க் கழட்டறதுக்குள்ள நேரமாயிடுச்சு. அப்புறம் பார்த்தா கண்ணு அசையல. செத்துட்டார்னு எனக்குத் தெரிஞ்ச பிறகுதான் போன் பண்ணினேன்."

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆய்வாளர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, பட்டறைக்காரரை விடச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை என்று அவர் மனைவியிடமும் வெளியே போய்ச் சொல்லுங்கள் என்றார்.

அக்காள் எழுந்தாள். இத்தனை நேரம் அழுதவள் இப்போது அழவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். தம்பி நிமிர்ந்து, கட்டுப்போட்ட கையை நீட்டினான்.

அவள் டம்ளரை ஏட்டிடம் கொடுத்துவிட்டு, "குடிங்க, அலைஞ்சு வந்திருக்கீங்க. குடிச்சிட்டு இவனைக் கூட்டிட்டுப் போங்க," என்றாள்.