சுற்றுக்கு ஒரு காலம்

பின்னால் ஒரு ஆள் வருகிறான் என்பது மூன்றாவது சுற்றில்தான் சிவரூபிக்குத் தெரிந்தது.

இவள் வேகத்தைக் குறைத்தால் அவனும் குறைக்கிறான். கூட்டினால் கூட்டுகிறான். ஆடி வெள்ளி, உட்துறைமுக வீதிப் பிள்ளையார் கோயில், பின்னேரம் ஐந்து மணி, சேலைத் தலைப்பைப் பறித்துக்கொண்டு போகிற கச்சான் காற்று... இத்தனைக்கும் நடுவில் இவன் வேறு. திரும்பி நின்று நாலு வார்த்தை கேட்கலாம்தான். ஆனால் வாய் நிறைய ஸ்பானிய மொழி கிடந்தது. காந்தாபா, காந்தாபாஸ், காந்தாபா, காந்தாபாமோஸ், காந்தாபாய்ஸ், காந்தாபான்... நடுவில் விட்டால் அத்தனையும் போய்விடும்.

கோயிலுக்குள் ஸ்பானிய மொழி என்ன கேடு என்று கேட்பீர்கள். அலஸ்தோட்டத்து ஹோட்டல் ஒன்றில் வரவேற்பில் நிற்கிறவள் அவள். ஜூலை, ஓகஸ்ட் வந்தால் உப்புவெளியும் நிலாவெளியும் ஸ்பெயின்காரரால் நிறைந்துவிடும். அவர்களுக்கு வழிகாட்டியாகப் போக வேண்டுமென்றால் கொழும்பில் மொழிச் சோதனை ஒன்று பாஸ் பண்ண வேண்டும். ஸ்பானியக் கப்பலில் பன்னிரண்டு வருஷம் சமைத்துவிட்டு வந்த லெஸ்லி சேர்தான் படிப்பிக்கிறார். ஒழுங்கான வினைச்சொல் ஒன்றைப் பிடித்து எல்லாக் காலத்திலும் ஓடவிட்டால் மற்ற ஆயிரமும் தானாக வரும் என்பது அவருடைய கட்சி. சிவரூபி பிடித்தது 'காந்தார்'. பாடுதல். கதிரையில் இருந்து படித்தால் அவளுக்கு நித்திரை வரும், நடந்தால் வராது. அம்மாவோ ஆடி வெள்ளிக்கு ஏழு சுற்றுச் சுற்றிவிட்டு வா என்று துரத்துகிறாள். இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாமே என்று சுற்றுக்கு ஒரு காலமாகப் பிரித்துக்கொண்டாள். முதல் சுற்று நிகழ்காலம், இரண்டாவது இறந்தகாலம், ஏழாவது ஏவல்.

ஏழும் முடிய, அவன் முன்னால் வந்து நின்றான்.

ஐயோ, அந்தக் கண்கள்... நித்திரையில்லாமல் சிவந்து, ஆனாலும் எதையோ நம்பிக்கொண்டு நிற்கிற கண்கள். விரல் நகமெல்லாம் எஞ்சின் எண்ணெய்க் கறுப்பு. கடுகடுப்பாகக் கேட்க வைத்திருந்த கேள்வி எங்கே போனதென்றே தெரியவில்லை.

"குறை நினைக்காதையுங்கோ... நீங்கள் சொல்லிக்கொண்டு போனது என்ன சுலோகம்?"

சிவரூபிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் நாலு அடி தள்ளிக் குருக்கள் நிற்கிறார். பக்கத்தில் பாலையூற்றில் இவள் வீட்டு ஒழுங்கையிலேயே இருக்கிற மாமி ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். பிள்ளையாரைச் சுற்றிச் சுற்றி ஸ்பானியப் பாடம் படித்தேன் என்று அவர்கள் முன் எப்படிச் சொல்வது?

"நோய் வருத்தத்துக்குச் சொல்லுறதோ?" அவன் விடவில்லை.

"ஓம்," என்றாள்.

அவ்வளவுதான். வெட்கம் பாதி, குறும்பு பாதி, வாய் தானாகச் சொல்லிவிட்டது. எழுதித் தாருங்கோ என்று அருச்சனைத் துண்டின் பின்பக்கத்தை நீட்டினான். நிகழ்காலம் ஆறையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அவன் அதைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். பெயர் யதுர்ஷன், படகு எஞ்சின் திருத்துகிறவன். தகப்பன் இல்லை. தாய் இரத்தினேஸ்வரிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கிழமைக்கு இரண்டு தரம் ஆசுபத்திரியில் டயலிசிஸ். ஒவ்வொரு தரமும் ஊசி ஏற்றி, இரத்தத்தை வெளியே எடுத்து, சுத்திகரித்துத் திரும்ப விடுவார்கள்... அழுது அழுதுதான் போகிறாளாம்.

சொல்லிவிடடி, இப்பவே சொல்லிவிடு என்று சிவரூபியின் மனம் அடித்துக்கொண்டது. அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போயே விட்டான்.

அடுத்த வெள்ளி கட்டாயம் சொல்லிவிடுவதென்று வந்தாள். அவன் முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். அம்மா அவனோடு சேர்ந்து சொல்கிறாளாம், மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் முதலாய் நிம்மதியாகப் படுத்தாளாம். மிச்சப் பகுதி இருக்கிறதா என்று கேட்டான். அந்த முகத்தைப் பார்த்து எவள்தான் உண்மை சொல்வாள்? இறந்தகாலத்தை எழுதிக் கொடுத்தாள். காந்தே, காந்தாஸ்தே, காந்தோ, காந்தாமோஸ், காந்தாஸ்தெய்ஸ், காந்தாரோன்.

அப்படியே பழகிப் போயிற்று. வெள்ளிக்கு வெள்ளி ஒரு காலம். முடிந்துபோனதற்கு ஒரு இறந்தகாலம், வழக்கமாய் நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று, பிறகு எதிர்காலம். 'காந்தாஸ்தெய்ஸ்' அவன் வாயில் சிக்கிக் கிடந்து பாடுபடும். சமஸ்கிருதம் தனக்கு வராது, எஞ்சின் பாஷைதான் வரும் என்பான். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திருத்துவாள். அர்த்தம் கேட்டபோது மட்டும் பொய் சொல்லவில்லை. நான் பாடுகிறேன், நீ பாடுகிறாய், நாங்கள் பாடுகிறோம் என்று உள்ளதைச் சொன்னாள். சாமிக்குப் பிடிக்கும்தானே என்றான் அவன். வியாழக்கிழமையே மனம் பறக்கத் தொடங்கிவிடும். வெள்ளி பின்னேரம் அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்வரை மூச்சு வராது... பிறகு அந்தக் கண்கள், பிறகு வெட்கம், அதுக்கும் பிறகு பயம். தெரிந்தால் என்னை என்ன நினைப்பான்? காறித் துப்ப மாட்டானா?

ஆறாவது வெள்ளி கொடுத்தது ஆசைக்கும் ஐயத்துக்கும் வருகிற வடிவம். நடந்ததைச் சொல்லாது, நடக்கப் போவதையும் சொல்லாது. பாடினால் நல்லது, பாட வேண்டுமே, பாடாமல் விட்டுவிடுவாளோ... அப்படிக் கையில் இல்லாததை எல்லாம் அதில்தான் சொல்ல வேண்டும் என்று லெஸ்லி சேர் விளங்கப்படுத்தியிருந்தார். தமிழில் இதற்கென்று தனி வடிவம் இல்லாததால் வகுப்பில் எல்லோரும் அதில் தடுமாறினார்கள். சிவரூபிக்கு மட்டும் அது சுலபமாக வந்தது. அவள் அப்போது முழுநேரமும் அதற்குள்தானே இருந்தாள்!

ஏழாவது வெள்ளி அவன் தாய் அவளைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று வந்து கூப்பிட்டான்.

துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. இரத்தினேஸ்வரி கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகமும் காலும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. யதுர்ஷன் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போக, அவள் சிவரூபியின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்காலத்தை ஒரு தேவாரம் மாதிரி இழுத்து இராகம் போட்டுச் சொன்னாள். காந்தாரே... காந்தாராஸ்... காந்தாரா... ஒரு பிழை இல்லை. வகுப்பில் ஒருத்தரும் அவ்வளவு திருத்தமாகச் சொன்னதில்லை.

"பிள்ளை, உமக்குப் புண்ணியம் கிடைக்கும். நான் போன வியாழக்கிழமை போகேல்லை. இந்தத் திங்களும் போகேல்லை, நேற்றும் போகேல்லை. இது இருக்கேக்க எனக்கு அந்த ஊசி என்னத்துக்கு?"

மூன்று தரம்! சிவரூபி கையை மெல்ல உருவிக்கொண்டு எழும்பினாள். குசினி வாசலில் தேத்தண்ணியோடு வந்தவனை வெளியே கேற்றடிக்கு வரச் சொன்னாள். சொன்னால் இவன் போய்விடுவான், சொல்லாவிட்டால் அவள் போய்விடுவாள். யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

"அது சுலோகம் இல்லை, யதுர்ஷன். ஸ்பானிய வினைச்சொல். நான் சோதனைக்குப் பாடமாக்கினது. உங்களுக்குப் பொய் சொன்னனான். அம்மாவை இப்பவே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ."

அவன் முகத்தில் இருந்த இரத்தம் அத்தனையும் எங்கே போனதோ... ஏசியிருந்தால், ஏன் அடித்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோப்பையை மதிலில் வைத்துவிட்டு உள்ளே போய்த் தாயைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினான். இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் இரத்தினேஸ்வரி இறந்துபோனாள்.

செத்த வீட்டுக்குச் சிவரூபி போனாள். உள்ளே போகத் துணிவில்லாமல் பந்தலுக்கு வெளியே நின்றாள். அந்த மூன்று தரமும் விடாமல் போயிருந்தால் மனிசி தைப்பொங்கலைக் கண்டிருப்பாள் என்று டொக்டர் சொன்னாராம். பக்கத்தில் நின்ற பெண்கள் கதைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இவள் யாரென்று தெரியாது. யதுர்ஷன் மொட்டையடித்த தலையோடு கொள்ளிக்குடம் தூக்கிக்கொண்டு இவளைக் கடந்துதான் போனான். கண் இவள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு உயிரைக் கொன்றுவிட்டாய், ஒரு 'ஓம்' சொல்லிக் கொன்றுவிட்டாய் என்று சொல்லிக்கொண்டே பாலையூற்றுவரை நடந்து வந்தாள்.

சோதனைக்குக் கொழும்பு போனாள். ஒழுங்கான வினைச்சொல் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் எதிரே இருந்த அம்மையார், ஆக இலேசான கேள்வியாகப் பார்த்து. சிவரூபி வாயைத் திறந்தாள். வீங்கின அந்த முகம்தான் முன்னால் வந்து நின்றது. ஆறு சொல்லில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அழுதுகொண்டு எழும்பி வந்துவிட்டாள். இனி எந்தப் பாஷையிலும் தனக்கு வாய் திறக்க உரிமை இல்லை என்றே நினைத்தாள். சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சலா என்று தாய் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து ஒரு கிழமை இருக்கும். ஐப்பசியின் முதல் மழை. வேலை முடிந்து ஹோட்டல் வாசல் பஸ் தரிப்பிடத்தில் நின்றாள். தகரக் கூரையில் மழை பொத்துக்கொண்டு கொட்டியது. கடலும் தெரியவில்லை, வீதியும் தெரியவில்லை... அந்த ஸ்கூட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

நனைந்துபோய் வந்து, இரண்டு கை விரித்த அளவு, ஒரு பாகம் தள்ளி நின்றான். தலையில் அப்போதுதான் மயிர் முளைத்திருந்தது. ஏசத்தான் வந்திருக்கிறான், ஏசட்டும் என்று சிவரூபி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றான். "அது சுலோகம் இல்லையெண்டு, நீங்கள் சொல்ல முந்தியே எனக்குத் தெரியும்."

அவள் நிமிர்ந்தாள்.

அவன் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நாலாவது வெள்ளி கழிந்த மறுநாள், ஸப்வான் என்கிற சிநேகிதனுடைய படகு புறாத்தீவுக்குப் போகும் வழியில் நின்றுவிட, இவன்தான் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு இருந்தானாம். வாய் தன்பாட்டில் காந்தோ, காந்தாஸ் என்று சொல்லிக்கொண்டிருந்ததாம். படகில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் மிச்சத்தை எடுத்துச் சொல்ல, படகு முழுக்கச் சேர்ந்து சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோலச் சொல்லிச் சிரித்ததாம். ஸப்வானுக்குக் கொஞ்சம் ஸ்பானியம் தெரியும், அவன்தான் விளங்கப்படுத்தினான். கேட்டுவிட்டு இவன் அன்றைக்கு முழுக்கத் தனக்குள்ளே சிரித்தானாம். "உங்களை நினைச்சு நினைச்சு," என்றான்.

"பிறகேன் வந்தனீங்கள்?" அவள் கேட்டாள். "பிறகும் மூண்டு வெள்ளி வந்தனீங்கள்."

"சொன்னால் வெள்ளிக்கிழமை இல்லாமல் போயிடும். அந்தப் பயம். அம்மா ஆசுபத்திரிக்கு வரமாட்டன் எண்டு நிண்டேக்க, கெஞ்சிப் பாத்தனான், அழுதனான். ஒரேயொரு வசனம் சொல்லியிருந்தால் எழும்பி வந்திருப்பா. அதை மட்டும் சொல்லேல்லை. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு மூண்டு தரம் விட்டனான். நீங்கள் கேட்ட அந்த நிமிசமே சொன்னியள். பெத்த பிள்ளை நான்..."

சிவரூபிக்கு முதலில் வந்தது கோபம்தான். இரவு பகலாகக் கொலைகாரி, கொலைகாரி என்று தன்னையே அரித்துத் தின்ற அத்தனை நாளும் ஒன்றாக எழும்பி வந்தது.

"இவ்வளவு நாளும் நான் செத்துக்கொண்டு இருந்தனான், யதுர்ஷன். செத்த வீட்டில ஒருக்கால் திரும்பிப் பாத்திருக்கலாம்."

"பாத்தால் சொல்லவேண்டி வரும். அதுதான் பாக்கேல்லை. பழி உங்களோட கிடக்கட்டும் எண்டு விட்டனான். அவ்வளவு கேவலமானவன் நான்." அவன் முகத்தில் ஓடியது மழையா கண்ணீரா என்று பிரிக்க ஏலாமல் இருந்தது. "இதைச் சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான். இன்னொண்டும் கிடக்கு... அதைச் சொல்ல எனக்கு வாயில்லை."

"சொல்லுங்கோ."

"உங்களில எனக்கு விருப்பம். அம்மா வருத்தத்தில கிடக்கேக்கையே விருப்பம். அவவை விடப் பெரிசா விருப்பம் வந்திட்டுது, அதாலதான் இவ்வளவும். இதை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

பாலையூற்று பஸ் வந்து நின்றது. நடத்துநர் எட்டிப் பார்த்து, ஏறவில்லையா என்று கேட்டார். சிவரூபி அசையவில்லை. பஸ் போய்விட்டது.

போ என்று சொல்ல வேண்டும், தெரியும். இந்த முகத்தை இனிப் பார்க்கும் நேரமெல்லாம் அந்தக் கட்டில் ஞாபகம் வரும், தெரியும். கலியாணம் கட்டினாலும் பிள்ளை பெற்றாலும் அது வீட்டுக்குள் கூடவே இருக்கும், அதுவும் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டு அவள் அந்த ஒரு பாகத்தைக் கடந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"எனக்கும் விருப்பம்தான், யதுர்ஷன்," என்றாள். "உங்களை வெறுக்க எவ்வளவோ பாக்கிறன், ஏலாமல் கிடக்கு."