மாதிரி மைதானத்தை உடைத்தது யார்?

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சாகணும், சார்!" சொட்டும் குடையை மடக்கக்கூட மறந்து துப்பறிவாளர் வீட்டுக்குள் பாய்ந்தார் கல்லூரி முதல்வர்.

புதிய மைதானத்துக்கு நன்கொடை திரட்டும் விழா ஆறு மணிக்கு. உள்விளையாட்டு அரங்கில் வைத்திருந்த மைதானத்தின் அட்டை மாதிரியைக் காலையில் யாரோ உடைத்துவிட்டார்கள்.

"யாரோ என்ன யாரோ? வேதியியல் பேராசிரியைதான்! அத்தனை ஆசிரியரும் ஆதரிச்சாச்சு. 'லேப் கூரை ஒழுகுது, முதல்ல அதைப் பாருங்க'ன்னு இந்தம்மா மட்டும் ஒத்தைக்கால்ல நிக்குது. இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கறேன். நீங்க ஆமான்னு சொன்னா போதும்."

ஊரார் 'நிதானம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்த அந்தத் துப்பறிவாளர் மெல்ல எழுந்தார். உதவிக்கு இருந்த மைத்துனர் அதற்குள் வாசலில் நின்றார்.

கல்லூரியில், அரங்கின் கதவு வரை ஒரே சேறு. உள்ளே மரத்தரை கண்ணாடியாய் மின்னியது. சேதத்தைப் பார்த்ததுமே காவலாளி யாரையும் விடாமல் பூட்டிவிட்டாராம். வெளிச்சுவரோரம், ஒரு ஜோடி ஷூவை ஒழுங்காகக் கழற்றிவைத்த சேற்றுத்தடம். மாதிரியில் பார்வையாளர் வரிசைகளுக்குக் கீறல்கூட இல்லை. நடுப்பகுதி மட்டும் தூள்தூள்.

"உடைக்க வர்றவன் ஷூவைக் கழட்டி வெச்சுட்டா வருவான், அத்தான்?"

"அவனே வந்து சொல்லுவான், மச்சான். எல்லா ஆசிரியரையும் கூப்பிடு. அவசரம்னு சொல்லு."

பதறியடித்து வந்தவர்கள் சேற்றுக்காலோடு உள்ளே நுழைந்தார்கள், பேராசிரியை உட்பட. ஒருவர் மட்டும் வாசலில் குனிந்து நாடாவை அவிழ்த்தார். உடற்பயிற்சி ஆசிரியர்.

"அவரா?" முதல்வர் சிரித்தேவிட்டார். "ஒவ்வொருத்தர் கால்ல விழாத குறையா ஆதரவு திரட்டினதே அவர்தான் சார்!"

"மரத்தரையில வெளி ஷூ படக்கூடாதுங்கறது அவர் ரத்தத்துல ஊறினது. ஆத்திரத்துலயும் மறக்கல," என்றார் நிதானம். "மைதானமே வேண்டாங்கறவங்க மொத்தத்தையும் நொறுக்கியிருப்பாங்க. நடுவுல என்ன இருந்துச்சு?"

முதல்வர் இழுத்தார். "விழா மேடை... கார் நிறுத்த இடம்..."

"என்ன இல்லை?"

"ஓடுபாதை." பதில் சொன்னது உடற்பயிற்சி ஆசிரியர். "பிள்ளைங்க ஓட இடம் கிடைக்கும்னு சொல்லித்தான் எல்லார்கிட்டயும் கேட்டேன். காலையிலதான் மாதிரியைப் பார்த்தேன்... பொய்க்காரனாயிட்டேன்."

"உடைச்சது புரியுது," என்றார் பேராசிரியை. "பழி என்மேல விழுந்தப்ப ஏன் சார் வாயைத் திறக்கல?"

அவர் பேராசிரியையை நோக்கிக் கைகூப்பினார்.

"என் ஆதரவு வாபஸ்," என்றது ஆசிரியர் கூட்டத்திலிருந்து ஒரு குரல். "என்னுதும்தான்," என்றது இன்னொன்று.

முதல்வர் பதறினார். "ஆறு மணிக்கு நன்கொடை கொடுக்கறவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அது உங்க பாடு," என்றார் பேராசிரியை. "நாளைக்குக் காலையில என் முகத்துல முழிக்கணும். அதுக்குத் தயாராகுங்க."