கறுக்காத ஆயில்

ஆயில் கறுக்கவில்லை. அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

தம்பி ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியை உருவி, பழைய பனியன் துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, ஷெட் வாசலின் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். கம்பியின் நுனியில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு தொங்கியது. டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றினால் இரண்டே நாளில் மை மாதிரி ஆகிவிடும். உள்ளே எரிந்து சேர்கிற கரியையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. இந்த ஆயிலை ஊற்றி ஐயாயிரம் கிலோமீட்டர் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன், கறுக்காத டீசல் ஆயிலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அதில் ஒரு சொட்டு வைத்தான். ஆயில் மாற்றும்போதெல்லாம் பழைய ஆயிலில் ஒரு சொட்டைத் தாளில் ஊறவிட்டு, தேதி எழுதி, ஷெட் சுவரில் குத்தி வைப்பது அவன் வழக்கம். சொட்டு பரவும்போது நடுவில் கறுப்பும் சுற்றிலும் வளையங்களும் விழும். வளையங்களை வைத்தே பிஸ்டன் ரிங் தேய்கிறதா, டீசல் ஒழுகுகிறதா, தண்ணீர் கலக்கிறதா என்று சொல்லிவிடுவான். தெருவில் அவனுக்கு ‘டாக்டர்’ என்று பெயர் விழுந்தது அப்படித்தான். இந்தச் சொட்டு வளையமே இல்லாமல், மழைத்துளி பட்ட மாதிரி பரவி நின்றது.

வண்டி அண்ணனுடையது. பதினாறு வருடப் பழைய பிக்கப். ஜன்னல் கண்ணாடிகளைப் பின்னால் நிறுத்திக் கட்டி, கடையிலிருந்து கட்டடங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அண்ணன் வேலை. ஆறு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியும் அந்த இன்ஜினை ஒருமுறைகூடப் பிரித்ததில்லை. கண்ணாடிக் கடைக்காரர் வேறு டிரைவர்களிடம் அதைச் சொல்லிக் காட்டுவார். அண்ணன் ஓட்டுவதற்கும் தம்பி பார்ப்பதற்கும் சேர்த்துக் கிடைத்த பேர் அது.

எனவே அன்று அவனுக்கு வந்தது பயம் அல்ல, கோபம்.

“வேற எவன்கிட்டயோ ஆயில் மாத்தியிருக்க” என்றான் சாப்பாட்டு நேரத்தில்.

அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. “கல்யாணத்தையே உன்னைக் கேட்டுத்தான்டா பண்ணேன். ஆயிலையா கேக்காம மாத்துவேன்?”

அண்ணி குழம்புக் கரண்டியோடு திரும்பி, அன்றைக்கே தன்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றாள். மூவரும் சிரித்தார்கள். சிரிப்பின் முடிவில் அண்ணனுக்கு இருமல் வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. தம்பிகூட.

அடுத்த ஐயாயிரத்திலும் ஆயில் தேனாகவே இருந்தது. ஏர் ஃபில்டரைத் தட்டினால் தூசி உதிரவில்லை. சைலன்சர் வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினான். விரல் சுத்தமாக வந்தது. ஒருநாள் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அழுத்தத்தையும் அளந்தான். புது இன்ஜினுக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது மீட்டர். மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று வேறு மீட்டர் கடன் வாங்கி வந்து பார்த்தான். அதுவும் அதையே காட்டியது. இரும்பு தேயும்; தேய்ந்தது திரும்பி வளராது. இதைவிட உறுதியாக அவனுக்குத் தெரிந்த விஷயம் எதுவுமில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். தன் கைவேலைதான் இது என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தான். பின்னாளில் எல்லாவற்றையும்விட அவனைக் குத்தியது அந்தச் சந்தோஷம்தான்.

தலையணை உறையைக் கொண்டுவந்து காட்டியது அண்ணி. ஒரு காலை நேரம், ஈரத் துணியோடு ஷெட் வாசலில் வந்து நின்றாள். ஆறு முறை துவைத்தும் போகவில்லையாம். உறையின் நடுவில், அண்ணனின் மூக்கும் வாயும் படுகிற இடத்தில், கறுப்பாக ஒரு வட்டம். அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒன்று. அதற்கும் வெளியே மஞ்சளாக இன்னொன்று.

“டாக்டர்னு ஊரே சொல்லுது” என்றாள் அண்ணி, பாதி விளையாட்டாக. “இது என்னன்னு சொல்லுங்க தம்பி.”

அவனுக்கு அது என்னவென்று தெரியும். அது எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று மட்டும் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சையும் எலும்புகளையும் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகு நேரம் பார்த்துவிட்டு, நிலக்கரிச் சுரங்கத்தில் எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள் என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. முட்டிகள், இடுப்பு, கழுத்து என்று எலும்பு சேரும் இடமெல்லாம் எழுபது வயதுக்காரருக்குத் தேய்வதுபோலத் தேய்ந்திருப்பதாகவும் டாக்டரம்மா சொன்னார். அண்ணனுக்கு நாற்பத்தாறு. பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டைகள் போட்டிருந்தான்.

“வண்டி இளவட்டமா சுத்துது, நான்தான்டா பிரிச்சு ஓவராயில் பண்ற நெலைக்கு வந்துட்டேன்” என்றான் அண்ணன், திரும்பும் வழியில். அப்போதும் அவன்தான் ஓட்டினான். வேறு யார் உட்கார்ந்தாலும் சீட் சரியில்லை என்பான்.

“வண்டிய வித்துடலாம்ணே.”

“என்னையும் சேத்து வித்துடு. ரெண்டுக்கும் ஒரே கிலோமீட்டர்தான்.”

சொல்லிவிட்டு அண்ணன் கியரை மாற்றினான். இன்ஜின் ஒரு சிணுங்கல் இல்லாமல், வெண்ணெய்போல மேலேறியது. பக்கத்தில் அண்ணனின் மூச்சு, மணல் கலந்த எதையோ அரைப்பதுபோல இழுத்தது.

அன்றைக்கே தம்பி ஒரு சோதனை செய்தான். இன்ஜின் ஓடும்போது மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது எல்லா மெக்கானிக்குகளும் செய்வது. வயதான இன்ஜின் என்றால் ரிங் சந்தில் கசியும் காற்று புஸ் புஸ் என்று கையை முட்டித் தள்ளும். அவன் கையை வைத்தான். எதுவும் தள்ளவில்லை. உள்ளங்கையின் தசை மெல்ல உள்ளே இழுபட்டது, விட்டது, மறுபடி இழுபட்டது. இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி. நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று சுற்றுகிற எதுவும் அவ்வளவு நிதானமாக இழுக்க வழியில்லை. குனிந்து மோந்தான். டீசல் வாடை இல்லை, சூடான இரும்பின் வாடை இல்லை. தூங்கி எழுந்தவனின் வாய் வாடை அது. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்து, ஒரே போர்வைக்குள் விழித்தெழுந்த காலத்திலிருந்தே அவனுக்குப் பழகிய வாடை.

மூடியைப் போட்டுத் திருகினான். மரை சேர மூன்று முறை ஆனது.

அந்த வாரத்திலேயே அண்ணன் படுத்த படுக்கையானான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தில் ஷெட்டுக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த இருபது தப்படி தூரம்கூட அதிகமாகத் தெரிந்தது. இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிடுவது என்று தம்பி முடிவெடுத்திருந்தான். ஹெட்டைத் தூக்கி, பிஸ்டன்களை உருவி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மூலையில் வீசினால் பிறகு அது என்ன செய்யும்? அது நின்றால் அண்ணன் தேறுவான். அப்படித்தான் நம்பினான். வேறு எதை நம்புவது?

அங்கேதான் பிசகினான். பிரிப்பதற்கு முன் ஆயிலை வடிக்க வேண்டும். குளிர்ந்த ஆயிலை வடித்தால் கசடு உள்ளேயே தங்கிவிடும். பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடேறிய பிறகுதான் வடிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகத் தான் செய்தது, வேலை கற்க வந்தவர்களுக்குச் சொன்னது. கொல்லப்போகிற இன்ஜினில் கசடு தங்கினால் என்ன என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கை தானாகச் சாவியைத் திருப்பிவிட்டது.

அரைச் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பி அணைத்தான். இன்ஜின் ஓடியது. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஓடியது. டீசல் இன்ஜின் சில நேரம் அப்படிக் கை மீறிப் போவதுண்டு. டர்போவில் சீல் கிழிந்தால் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு ஓடும், சாவிக்கு அடங்காது. ஆனால் அப்படி ஓடும் இன்ஜின் வெறிபிடித்து அலறும், வெள்ளைப் புகையில் ஷெட்டே மறைந்துவிடும். இது அலறவில்லை. சிக்னலில் காத்திருப்பதுபோல ஐடிலிங்கில் ஓடிக்கொண்டிருந்தது.

டீசல் குழாயைப் பிடுங்கினான். சட்டை நனைந்தது. ஓடியது.

கீழே படுத்து, ஆயில் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினான். தேன் நிறத்தில் ஆயில் கொட்டியது. கடைசிச் சொட்டு வரை கொட்டியது. இனி உள்ளே இரும்போடு இரும்பு உரச வேண்டும். கடகடக்க வேண்டும். இறுகி நிற்க வேண்டும்.

ஓடியது. அதே ஓட்டம்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. மூச்சை அடைப்பது. காற்று இழுக்கும் குழாயை ஏர் ஃபில்டரிலிருந்து பிரித்தான். அண்ணன் கண்ணாடிகளுக்கு நடுவே செருகுகிற பலகைத் துண்டு ஒன்று பக்கத்தில் கிடந்தது. எடுத்துக் குழாயின் வாயில் வைத்து அழுத்தினான். பலகை ஒட்டிக்கொண்டது. இன்ஜின் தடுமாறியது. வண்டி உதறியது. சத்தம் இறங்கியது, இறங்கியது.

மழைக்குள்ளிருந்து அண்ணியின் குரல்.

“தம்பி, உங்க அண்ணனுக்கு மூச்சு வரல.”

பலகையைப் பிடுங்கினான். குழாய் ஒரே இழுப்பாகக் காற்றை உறிஞ்சியது. இன்ஜின் நிமிர்ந்தது. வீட்டுப் பக்கமிருந்து, முங்கிப் போனவன் தண்ணீருக்கு மேலே வருவதுபோல நீளமாக ஒரு சத்தம் வந்தது. பிறகு அண்ணியின் அழுகை. “வந்துடுச்சு. வந்துடுச்சு தம்பி.”

அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எந்தப் பழுதையும் இரண்டாம் முறை பார்க்காமல் அவன் நம்பியதில்லை. தற்செயலாக இருக்கலாம். இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். பலகையை மறுபடி வைத்தான். மனதுக்குள் எண்ணினான்.

ஐந்து.

எட்டு.

பதினொன்று.

“தம்பி.” இம்முறை அண்ணி கத்தவில்லை. “தம்பி, போகுது.”

எடுத்தான். இன்ஜின் பிடித்துக்கொண்டது. வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அண்ணி கூப்பிடவுமில்லை.

மழையில் இறங்கி நடந்தான். ஐந்து தப்படி. பத்து. இன்ஜின் சத்தம் முதுகுக்குப் பின்னால் குறைய வேண்டும். குறையவில்லை. பன்னிரண்டாவது தப்படியில் அது முன்னாலிருந்து வந்தது. நின்றான். ஷெட்டைத் திரும்பிப் பார்த்தான். பானெட் திறந்தபடி இருந்தது. ஃபேன் இறக்கைகள் நான்கும் தனித்தனியாகத் தெரிந்தன. அசையாமல்.

ஷெட்டில் மழைச் சத்தம் மட்டும்.

வீட்டுக்குள் போனான். அண்ணி கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, அண்ணனின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு நிம்மதி.

“இப்பதான் சீரா மூச்சு விடுறாரு” என்றாள். “கால்தான் இன்னும் சூடாகல.”

கட்டில் சட்டம் லேசாக அதிர்ந்தது. மேஜையில் தண்ணீர் தம்ளருக்குள் வளையங்கள் எழுந்து எழுந்து அடங்கின. தம்பி குனிந்து அண்ணன் மார்பில் காதை வைத்தான். தோல் குளிர்ந்திருந்தது. இதயம் துடிக்கவில்லை. நான்கு சிலிண்டர்கள், எரிகிற வரிசை மாறாமல். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. ஒரு தட்டலில்லை. ஒரு பிசிறில்லை. அவன் கேட்டதிலேயே குறையில்லாத ஓட்டம்.

நிமிர்ந்தான். அப்போதுதான் தெரிந்தது, பலகை அவன் கையிலேயே இருந்தது.

அண்ணனின் கண்கள் திறந்திருந்தன. அவை முதலில் பலகையைப் பார்த்தன. பிறகு மெல்ல உயர்ந்து தம்பியின் முகத்தில் வந்து நின்றன. வாய் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. உள்ளே, இன்ஜினின் சுருதி ஒரு படி ஏறியது.