ஏழு சாண் திரை

வீட்டில் அவளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அம்மா தூங்கும் நேரத்தில் வாலு பூனையைவிட மெதுவாக நடப்பாள்.

அம்மா மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். காலையில் வந்து படுத்தால், கொஞ்ச நேரத்திலேயே ஜன்னல் வழியாக வெயில் கண்ணில் குத்தும். புரண்டு புரண்டு படுப்பார். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டால் மூச்சு முட்டும். அவருடைய சிவந்த கண்களைப் பார்க்கும்போதெல்லாம் வாலுவுக்குப் பாவமாக இருக்கும்.

"மேல சுருட்டிக்குற திரை ஒண்ணு மாட்டுவோமாப்பா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார். திரை வாங்கக் காசு இருந்தது, மாட்ட வரும் ஆளுக்குக் கொடுக்க இல்லை. நாமே மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. துளை போடும் மிஷினைப் பக்கத்து வீட்டு மாமா கொடுத்தார். அளவு நாடாதான் எங்கே போய் ஒளிந்ததென்று தெரியவில்லை. அப்பா அதற்கெல்லாம் அசரவில்லை. கை விரல்களை விரித்து ஜன்னலை அளந்தார். அகலம் ஏழு சாண்.

மறுநாள் பள்ளி விட்டதும் வாலு கடைக்குப் போனாள். கடைக்காரர் அகலம் எவ்வளவு என்று கேட்டார். ஏழு சாண் என்று சொல்லி, பெருமையாகத் தன் கையை விரித்துக் காட்டினாள். அவரும் அந்தக் கையை அளந்து, ஏழால் பெருக்கி, திரையை வெட்டிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் பிரித்து வைத்துப் பார்த்தால், ஜன்னலில் கால்வாசி மூடவே இல்லை. அப்பா தன் கையைப் பார்த்தார். பிறகு வாலுவின் கையைப் பார்த்தார்.

"அளந்தது என் கை. வாங்கினது உன் கை," என்றார்.

வாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்டிய திரையைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். இன்னொன்று வாங்கவும் வழியில்லை.

சனிக்கிழமை காலை அம்மா வர நேரமாகும் என்று சொல்லியிருந்தார். வாலு அம்மாவின் கட்டிலில் ஏறி, அம்மாவின் தலையணையிலேயே தலை வைத்துப் படுத்தாள். திரையை ஜன்னலின் இடது ஓரமாகப் பிடிக்கும்படி அப்பாவிடம் சொன்னாள். வெயில் கண்ணில் அடித்தது. வலது ஓரத்துக்கு நகர்த்தச் சொன்னாள்.

"இப்போ கால்லதான்பா விழுது. அம்மா காலாலயா தூங்குறாங்க?"

அப்பா சிரித்துவிட்டார். ஆனாலும் நேரம் ஆக ஆக வெயில் நகருமே, முகத்துக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அதையும் பார்த்துவிடலாம் என்றாள் வாலு. அப்பா திரையைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். அவள் அசையாமல் படுத்திருந்தாள். வெயில் மெல்ல அவள் காலை விட்டிறங்கி, தரைக்குப் போய்விட்டது.

அப்பா மிஷினோடு வந்து, "என்ன வாலு, துளை போட்டுடலாமா?" என்றார்.

வாலு தூங்கிப்போயிருந்தாள்.

அப்போதுதான் அம்மா வந்தார். அப்பா உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அம்மா கயிற்றில் தொங்கிய திரையைப் பார்த்தார். பட்டப்பகலில் அயர்ந்து தூங்கும் மகளைப் பார்த்தார். அவள் பக்கத்தில் மெதுவாகப் படுத்துக்கொண்டார்.

அன்று திரையை மாட்டவே முடியவில்லை. சாயங்காலம் வரை இரண்டு பேரும் எழுந்தால்தானே!