அவளைச் சாகவிடாத படம்

அட்டனில் ஏறும்போதே மழை. நோர்வூட் பஸ்ஸின் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்த யூஜினாவின் காதில், பின்சீட்டுக் குரல் சுள்ளென்று விழுந்தது.

“போன்ல எடுத்த படம்டா அது! டைரக்டர் எடுத்த ரெண்டாம் பாகத்துக்குப் பக்கத்துல நிக்குமா?”

யூஜினாவுக்கு முகம் சிவந்தது. தியேட்டரில் ஓடிய அந்தச் சினிமாவின் முதல் பாகத்துக்கு இங்கே ரசிகர்கள் ஏராளம். இரண்டாம் பாகத்தில் டைரக்டர் கதாநாயகியைச் சாகடித்துவிட்டார். அது பொறுக்காமல், அவளை வாழவைக்கும் வேறொரு முடிவோடு போனில் படமெடுத்து யூடியூபில் போட்டவள்... நோர்வூட் பாலர் பாடசாலை டீச்சர் யூஜினா. நடித்தவர்கள், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் அவளோடு குடியிருக்கும் லயத்துக்காரர்கள்.

திரும்பினாள். “முழுசா பாத்தீங்களா?”

“கொஞ்ச நேரம்...” என்றான் அவன். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே, சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்...

“மிச்சத்தையும் பாத்துட்டுப் பேசுங்க.”

“ஒங்களுக்கு ஏங்க இவ்வளவு கோவம்?”

“எடுத்தவ நான்தான்!”

அவன் சீட்டு நுனிக்கு நகர்ந்தான். “சத்தம் மட்டும்தாங்க சரியில்ல... தகரத்துல மழை கொட்டுறதுல வசனமே கேக்கல.”

சே... என்ன கண்ணு! அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை, பாடசாலை வாசலில் அவன் நின்றான். பெயர் லோஜன்; அட்டனில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்பவன். படத்தின் கடைசியில் இருந்த பெயரையும் ஊரையும் வைத்துத் தேடி வந்திருந்தான். சத்தத்தைச் சரிசெய்த படத்தைப் போனில் காட்டினான். ஒவ்வொரு வசனமும் தெளிவாகக் கேட்டது. மலர்ந்த அவள் முகம் கடைசியில் சுருங்கியது.

“அவ வேலைக்குப் போற சீன் எங்க?”

“வெட்டிட்டேங்க. காதலன் கையப் புடிக்கிறதோட முடிச்சாத்தான் கைதட்டுவாங்க. பெரிய டைரக்டருங்க அப்படித்தான்...”

“அந்தச் சீனுக்காகத்தான் நான் படமே எடுத்தேன். என்னக் கேக்காம வெட்டுவீங்களா? ஒங்க ஒதவியே வேணாம்!”

கேட்டைச் சாத்தினாள். அழுகை முட்டியது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஊர் வாசிகசாலையில் படம் போடுவதாகக் கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸை அவள் கிழிக்கவில்லை. வசனம் கேட்காவிட்டால் போகட்டும்... அவள் பிழைத்தது கண்ணுக்குத் தெரியுமே!

ஞாயிறன்று வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, தொப்பலாக நனைந்து வந்து நின்றான் லோஜன்.

“மன்னிச்சிருங்க. ஒங்க முடிவு அப்படியே இருக்கு. நீங்களே மொதல்ல பாருங்க.”

பார்த்தாள். அதையே போட்டாள். கதாநாயகி தோளில் பையோடு பஸ் ஏறியதும் பெண்கள் கைதட்டினார்கள்.

“என்ன இருந்தாலும் டைரக்டர் படம் மாதிரி வருமா?” என்றான் ஓர் இளைஞன். ஆளுக்கொரு பக்கமாகச் சண்டை மூண்டது. யூஜினா லோஜனையே பார்த்தாள்.

“தொழில் நேர்த்தின்னு பாத்தா டைரக்டர் படந்தான் ஒசத்தி,” என்றான் அவன். அவள் திரைத்துணியின் முடிச்சை அவிழ்க்கத் திரும்பினாள். “ஆனா அது தியேட்டரோட முடிஞ்சிருச்சு. இதுல அவ உசுரோட இருக்கா... இனி என்ன செய்வாளோன்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன்.”

எல்லோரும் கலைந்தபின், தாழ்வாரத்தில் இருவர் மட்டும். சாரல்.

“நெசமா... அவளத்தான் நெனச்சீங்களா?”

“இல்லைங்க... எடுத்தவங்களத்தான். ஒங்கள ரொம்பப் புடிச்சிருக்கு.”

அவள் இமைகளில் மழைத்துளி நடுங்கியது. “அடுத்த படம் எடுக்கப் போறேன். முடிவு நான் சொல்றதுதான்.”

“சரிங்க.”

“அதுக்கு நீங்க வேணும்...” அவள் கண்களைத் தாழ்த்தவில்லை.

“படத்துக்கு மட்டும் இல்லைங்க,” என்றாள்.