இடப்பக்கம் இழுத்த வேன்

புதன்கிழமை காலை திலகத்தின் வீட்டு வாசலில் வந்து நின்ற டயர்க்கடைக்காரர் காளிதாஸின் முகம், பத்து லோரி ஏறி இறங்கிய டியூபைப் போல இருந்தது.

"மேடம், சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள என் டயர் நல்ல டயருன்னு நீங்க நிரூபிக்கணும். இல்லாட்டி கடைய மூட வேண்டியதுதான்."

திலகம் காப்புறுதிக் கம்பெனியில் முப்பது வருடம் விபத்து வண்டிகளைப் பரிசோதித்தவர். அவரைக் கண்டதுமே பாதி வண்டிகள் தாமாகவே உண்மையைச் சொல்லிவிடும் என்று தங்காக் ஊரில் பேச்சு. பக்கத்து வீட்டு லெட்சுமணன் அதைச் சத்தியம் செய்தே சொல்வார். துணிக்கடை விற்பனையாளரான அவர் இதுவரை விரித்துக் காட்டிய துணியை நீட்டினால் லேடாங் மலையை ஏழு சுற்றுச் சுற்றி, மிச்சத்தில் ஒரு ரவிக்கையும் தைக்கலாம். அன்று அவருக்கு ஓய்வு நாள். துப்பு என்ற வாடை பட்டதும் காப்பிக் குவளையோடு வேலி தாண்டி வந்துவிட்டார்.

"நிதானமா சொல்லுங்க," என்றார் திலகம்.

பள்ளி வேன் ஓட்டும் தனலெட்சுமி, சனிக்கிழமை நான்கு புது டயர் போட்டிருக்கிறார். திங்கள்கிழமை முதல் வேன் இடப்பக்கம் இழுக்கிறது. உள்ளே பதினான்கு பிள்ளைகள். இன்று ஐந்து மணிக்குள் காரணம் தெரியாவிட்டால், வேன் ஓட்டுநர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் காளிதாஸின் மானம் ஏறிவிடும். அவர் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் குழுவில்தான் இருந்தார்கள்.

"அலைன்மென்ட் பார்த்தேன், சரியா இருக்கு. காத்தும் சரி, பிரேக்கும் சரி. கடைசியா முன் சக்கரம் ரெண்டையும் இடம் மாத்திப் போட்டேன். உடனே வலப்பக்கம் இழுத்துச்சு. அந்தம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க. கோளாறு டயர்லதான்னு நானே காட்டிக் குடுத்துட்டேன் மேடம். திரும்பப் பழைய மாதிரியே மாட்டி வச்சிருக்கேன்."

"சனிக்கிழமை எப்படி ஓடுச்சு?"

"நானே ஓட்டிப் பார்த்தேன். கையை விட்டாலும் நூல் பிடிச்ச மாதிரி போச்சு."

"அப்ப டயர் இல்லக்கா, பில்லிசூனியம்," என்றார் லெட்சுமணன்.

"காப்பிய முடிங்க. வேனைப் பார்ப்போம்."

பள்ளி ஓட்டம் முடிந்து நாலு மணிக்குத்தான் வேன் கடைக்கு வந்தது. தனலெட்சுமி இடுப்பில் கைவைத்து நின்றார். உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு; குரல் அதற்கு நேர்மாறு. அவருக்குப் பின்னால், தென்னை மரத்தில் பாதி உயரம் இருந்த கணவர் விஜயன் கைப்பேசியில் மூழ்கியிருந்தார்.

"சனிக்கிழமை இங்கிருந்து யார் ஓட்டிட்டுப் போனது?" என்று கேட்டார் திலகம்.

"நான்தான். நேரா கோயிலுக்குப் போய்ப் பூசை போட்டேன். புரட்டாசி சனிக்கிழமை, நல்ல நாள்னு நானே பட்டை போட்டுப் பொட்டு வச்சேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் வண்டிய கழுவக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். அப்புறம் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனேன். அது வரைக்கும் ஒழுங்காத்தான் ஓடுச்சு. திங்கக்கிழமை காலைல பார்த்தா ரோட்டோர லோங்காங் சாக்கடைல போய் விழப் பாக்குது. சீட்டக்கூட இந்தக் கடைப் பசங்க பின்னுக்குத் தள்ளி வச்சிருக்காங்க. பெடல் காலுக்கே எட்டல."

"ஞாயித்துக்கிழமை?"

"நான் விடிஞ்சதுலருந்து கோயில் சமையல்ல இருந்தேன், பக்கத்து வீட்டுக் கார்ல போனேன். வேன் வீட்லதான்."

"வீட்லதான்," என்றார் விஜயன், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திலகம் வேனை ஒரு சுற்றுச் சுற்றினார். சக்கரங்களில், இரும்பு ரிம்மில் தொடங்கி டயர்வரை மூன்று சந்தனக் கோடுகள், நடுவில் குங்குமம். ஒரு வாரமாக மழையில்லாததால் அப்படியே காய்ந்திருந்தன. முன் இடச் சக்கரத்தின் அருகே அவர் நின்றுவிட்டார்.

"லெட்சுமணன், உங்க கடைக் கண்ணால இதைப் பாருங்க."

லெட்சுமணன் குனிந்தார். "கோடு ரிம்மோட நின்னு போச்சுக்கா. டயர்ல ஒண்ணுமே இல்ல. துணிய உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி மடிச்சா பூவெல்லாம் மறைஞ்சுடுமே, அது மாதிரி."

"அதேதான்."

திலகம் கைப்பேசியைச் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிப் படமெடுத்து எல்லோருக்கும் காட்டினார். டயரின் உள்பக்கம், அச்சை நோக்கி, மூன்று சந்தனக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

"தனலெட்சுமி, நீங்க வண்டிக்கு அடியில படுத்தா பொட்டு வச்சீங்க?"

"எனக்கென்ன கிறுக்கா?"

"அப்ப பூசைக்குப் பிறகு யாரோ இந்த டயர ரிம்மிலிருந்து கழட்டி, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டிருக்காங்க. இந்த மாதிரி டயர்ல உள்பக்கம் வெளிப்பக்கம்னு எழுதியிருக்காது. எப்படிப் போட்டாலும் உக்காந்துடும்."

"அதுக்கு ஏன் இழுக்கணும்?" என்றார் லெட்சுமணன்.

"எந்த டயரும் கச்சிதமான உருளையா இருக்காது. ஒரு துளி கூம்பா இருக்கும், ஒரு பக்கம் சாயும். ஒரே வார்ப்புல வந்த ரெண்டை முன்னால ஒரே மாதிரி மாட்டினா, ஒண்ணு இடப்பக்கம் சாயும், இன்னொண்ணு வலப்பக்கம் சாயும், கணக்கு சரியாயிடும். ஒண்ண மட்டும் திருப்பிப் போட்டா ரெண்டும் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கும். சக்கரங்கள இடம் மாத்தினதும் இழுப்பும் பக்கம் மாறுச்சே, அதுவும் இதுக்குப் பொருந்துது. உங்க டயர்ல குத்தமில்ல, காளிதாஸ்."

காளிதாஸ் மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். அந்தக் காற்றில் ஒரு லோரி டயரையே நிரப்பியிருக்கலாம்.

"யாரு கழட்டினது?" தனலெட்சுமியின் குரலில் கடையின் தகரக் கூரை அதிர்ந்தது.

"நல்ல டயர கழட்டுறது பஞ்சரானாத்தான். எப்பன்னு உங்க சீட்டே சொல்லுது. சனிக்கிழமை கடைசியா ஓட்டினது நீங்க. திங்கக்கிழமை சீட் பின்னால இருக்கு. நடுவுல ஓட்டினவரு கால் நீளமானவர்."

எல்லோர் பார்வையும் மேல்நோக்கிப் போனது. விஜயனின் கைப்பேசி மெல்லக் கீழே இறங்கியது. அதே நேரத்தில் லெட்சுமணன் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து வெற்றிக்கொடி போல ஒன்றை உயர்த்திப் பிடித்தார். நிலக்கடலைக் குழம்பு காய்ந்த ஒரு மூங்கில் குச்சி.

"சாத்தே குச்சிக்கா. இறைச்சியக் கோத்துச் சுடுறது."

"புரட்டாசில?" என்றார் தனலெட்சுமி. இம்முறை அவர் கத்தவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

"தனம், மூவார் டவுன்லதான் காலைலயே சாத்தே கிடைக்கும்," என்றார் விஜயன், ஏதோ சட்ட நுணுக்கம் சொல்வதுபோல. "போற வழில ஆணி குத்திடுச்சு. ரோட்டோரக் கடையில ஒட்டினேன். அவன் திருப்பிப் போட்டது எனக்குத் தெரியாதுலா."

"எத்தனை குச்சி?"

"பத்து."

"எத்தனை?"

"நாப்பது."

காளிதாஸ் டயரைக் கழற்றினார். உள்ளே புத்தம் புதிய ஒட்டு இருந்தது. சந்தனம் வெளியே தெரியும்படி மாட்டி, காற்றடித்தார். மணி நாலே முக்கால். ஐவரும் வேனில் ஏறினார்கள். நெடுஞ்சாலையில் தனலெட்சுமி இரண்டு கைகளையும் ஒரு கணம் தூக்கினார். வேன் நேர்க்கோட்டில் ஓடியது. அப்போதே ஓரமாக நிறுத்தி, குழுவில் தட்டினார்: 'காளிதாஸ் டயர் நல்ல டயர். என் கேரண்டி.'

திரும்பும் வழியில் மூவார் போகும் சந்திப்பு வந்தது. வேன் இம்மியும் விலகவில்லை. பின் இருக்கையில் விஜயனின் கழுத்து மட்டும் அந்தப் பெயர்ப்பலகைப் பக்கம் லேசாக இழுத்தது.