ஷூ என்றாள் ஷாலினி

மும்பை செம்பூரில் ஷாலினிக்குக் கிடைத்த வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் உண்டு, ஆனால் ஓடாது. கொட்டுகிற மழையில் டெம்போவிலிருந்து பீரோவை இறக்கிய ஆட்கள் அவளைத் திட்டிக்கொண்டே படியேறினார்கள். ஜூலை மாதத்தில் வீடு மாறுகிறவர்களைத் திட்டாமல் வேறு என்ன செய்வது? ஆனால் மாட்டுங்காவில் இன்னும் ஒரு வாரம் இருந்தால்கூட அவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அதற்கான காரணம் அவளுடைய ரெயின்கோட்டுக்குள் சுருண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பூந்தி என்று பெயர். பொமரேனியன். அப்பாவும் அம்மாவும் போனபிறகு ராத்திரியில் மாட்டுங்கா வீட்டில் ஷாலினியோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரே ஜீவன். மாட்டுங்காவில் ஒரு பூங்காவின் வாசலில், கழுத்தில் கயிறில்லாத பெரிய நாய் ஒன்று பூந்தியைக் கவ்வி உதறியது. நாயின் சொந்தக்காரர் ஃபோனில் பேசியபடி பின்னால் ஆடி அசைந்து வந்தார். "குச் நஹி கரேகா, மேடம்", ஒன்றும் செய்யாது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தையல் போட்ட டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இன்னொரு கடி இவ தாங்க மாட்டா, ஷாலினி. முதுகெலும்பு அந்த நிலைமையில இருக்கு. பாத்துக்கோங்க."

அன்றிலிருந்து ஷாலினி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தெருமுனை வந்தால் முதலில் தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்ப்பாள். மழை இல்லாத நாளிலும் கையில் நீளக் குடை இருக்கும். தூரத்தில் ஒரு லாப்ரடாரைக் கண்டால் போதும், பூந்தியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடிவிடுவாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, தையல் போட்டது அவர்கள் நாய்க்கு இல்லையே.

செம்பூர் வீட்டுக்கு முன்னால் பெரிய ரோடு. அங்கே ரிக்‌ஷாக்களும், கறிக்கடை வாசலில் படுத்துக் கிடக்கும் தெருநாய்களும். பின்பக்கம் ஒரு சந்து இருந்தது. ஒருபுறம் நீலத் தகரம் அடித்து மறைத்த பழைய பங்களா, மறுபுறம் ஒரு பள்ளிக்கூடத்தின் மதில். ஆள் நடமாட்டமே இல்லை. அதைவிட முக்கியம், அந்தச் சந்தில் ஒரு தெருநாய்கூட இல்லை. ஷாலினிக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது.

மும்பையில் தெருநாயே எட்டிப் பார்க்காத சந்து என்று ஒன்று ஏன் இருக்கிறது என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் பூந்தியைக் கூட்டிக்கொண்டு போனாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தகரத்துக்குப் பின்னாலிருந்து ஈர மரத்தூள் வாசனை வந்தது. அதோடு இன்னொரு வாசனையும் கலந்திருந்தது. நனைந்த நாய்மயிரின் வாசனை. பூந்தியுடையது என்று முதலில் நினைத்தாள். ஆனால் பூந்தி நேற்றுத்தான் ஷாம்பூ போட்டுக் குளித்திருந்தது.

பூந்தி நின்றுவிட்டது.

கயிற்றை இழுத்துப் பார்த்தாள். நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு வர மறுத்தது. அதன் காதுகள் பின்னுக்குப் படிந்திருந்தன.

பின்னால் நகங்கள் கல்லில் படும் சத்தம். அவசரமில்லாத நடை.

ஷாலினி திரும்பினாள். பள்ளிக்கூடத்து விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் அது நின்றது. வெள்ளை நாய். தோள் அவள் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. கழுத்தில் பட்டை இல்லை. குரைக்கவில்லை, உறுமவுமில்லை. பூந்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுஞ் செய்யாதும்மா."

தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல். வயதான, நிதானமான குரல்.

"நீ பாட்டுக்குப் போ. ஒண்ணுஞ் செய்யாது."

ஷாலினிக்குப் பயத்தை மீறிக் கோபம் வந்தது. எல்லா ஊரிலும் எல்லா மொழியிலும் இவர்களுக்கு இந்த ஒரு வசனம்தானா? "அங்கிள், முதல்ல அதப் புடிங்க! என் நாய் சின்னது, அடிபட்டது!"

நாய் ஓரடி எடுத்து வைத்தது. ஷாலினி பூந்தியை வாரி அணைத்துக்கொண்டு, குடையை மடக்கிப் பக்கவாட்டில் சுழற்றினாள். "ஷூ! ஷூ!"

நாயின் உடம்பு விறைத்தது. பிறகு பாய்ந்தது. அவள் மேல் இல்லை. அவளைத் தாண்டி, குடையின் நுனி எந்தப் பக்கம் நீண்டிருந்ததோ அந்தப் பக்கம். தகரம் இடி விழுந்த மாதிரி அதிர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். படியேறி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் ஒன்று உறைத்தது. தூறலில் தன் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. அந்த நாயின் மேல் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

காலையில் கட்டடத்தின் கீழே மளிகைக் கடை வைத்திருந்த கனகவள்ளியிடம் புகார் சொன்னாள். கனகவள்ளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. இந்த வட்டாரத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்தவள். புதிதாகக் குடிவந்த பெண் தமிழ் பேசுகிறாள் என்றதும் முதல் நாளே உறவு கொண்டாடிவிட்டாள்.

"பின்னாடி பங்களாவுல யாருக்கா இருக்கா? அவ்ளோ பெரிய நாய அவுத்து விட்டிருக்காரு. நான் பில்டிங் சொசைட்டில கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறேன்."

பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கனகவள்ளியின் கை நின்றது. "என்ன நாயி?"

"வெள்ளையா, பெருசா. அவரு உள்ளேந்து ஒண்ணுஞ் செய்யாதுங்கறாரு. ஆள் வெளிய வரவே இல்ல."

"ஏ பிள்ளே, அங்க ஆளு இல்ல. வீடு பூட்டிக் கெடக்கு."

"நான் கேட்டேன்க்கா."

கனகவள்ளி கடைவாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அது தங்கபாண்டி அண்ணாச்சி வீடு. மரக்கடை வச்சிருந்தாக. ஊர்லேந்து குட்டியா கொண்டாந்து வளத்த நாயி, மன்னன்னு பேரு. கயிறே போட மாட்டாக. யாரு கேட்டாலும் ஒண்ணுஞ் செய்யாது, ஒண்ணுஞ் செய்யாதும்பாக. ஒருநா செஞ்சிருச்சு."

"என்ன செஞ்சுது?"

"நம்ம பில்டிங்குல ஒரு சிந்திக்காரம்மா இருந்தா. இத்தினியோண்டு நாயி வச்சிருந்தா, ஓம் பூந்தி மாதிரி. அது கொலைச்சுக்கிட்டே இருந்துச்சுன்னு அண்ணாச்சி வெளையாட்டுக்குச் சூன்னு கையக் காட்டிட்டாக." கனகவள்ளி பருப்பைத் தராசிலிருந்து பொட்டலத்தில் கொட்டினாள். "அந்தம்மா அழுத அழுகை இன்னும் என் காதுல இருக்கு. அண்ணாச்சி அதுக்குப் பெறவு வெளிய தலை காட்டல. நாயையும் உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டாக. போன மழையில நாத்தம் அடிச்சுத்தான் கதவ ஒடைச்சாங்க. ரெண்டும் உள்ளயே கெடந்துச்சு."

"சூன்னாரா? எதுக்கு? சூன்னா போன்னு தானே அர்த்தம்?"

"உங்க மாட்டுங்காவுல வேணா போன்னு இருக்கும். எங்கூர்ல சூன்னா ஏவுறது. 'அதப் புடி'ன்னு. கை எங்க காட்டுதோ அங்க போய் விழும். வேற எங்கயாச்சும் கையக் காட்டிச் சூன்னு சொன்னாத்தான் முன்னதை விடும்." சொல்லிவிட்டு அவள் ஷாலினியின் முகத்தைப் பார்த்தாள். "நீ என்னட்டி சொன்ன அதுகிட்ட?"

ஷாலினி நேரே சந்துக்குப் போனாள். தகரத்தில் இடுப்பு உயரத்தில் பெரிய பள்ளம் விழுந்திருந்தது. தெருப்பக்கத்திலிருந்து உள்நோக்கி.

அவளுக்கு நினைவு தெரிந்து ஷூ என்று சொல்லாத நாளில்லை. பால்கனிப் புறாவுக்கு ஷூ, காக்காய்க்கு ஷூ, கான்வென்ட் ஸ்கூலில் படித்த வாய் அது. இனிமேல் அந்தச் சொல்லே வாயில் வராது என்று சத்தியம் செய்துகொண்டாள். அந்தச் சந்துப் பக்கம் போகவில்லை. புறாக்கள் பால்கனியை நாசம் செய்தன. செய்யட்டும் என்று விட்டுவிட்டாள். நாட்கள் போகப் போக, எல்லாம் தன் மனப்பிராந்திதான் என்றுகூட நினைக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வானம் கறுத்து, பகலிலேயே விளக்குப் போடவேண்டியிருந்தது. கீழே தேங்கிய தண்ணீரில் பிள்ளைகள் குதித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். துணி மடித்துவிட்டுத் திரும்பிய ஷாலினி உறைந்துபோனாள். கட்டிலின் மேல் உட்கார்ந்து பூந்தி லேப்டாப் வயரைக் கடித்துக்கொண்டிருந்தது. மறுமுனை சுவரில் செருகியிருந்தது. சுவிட்ச் போட்டிருந்தது.

"ஏய்! விடு! ஷூ! ஷூ!"

கை நீண்டுவிட்டது. விரல் பூந்தியைச் சுட்டிக்கொண்டிருந்தது.

பூந்தி வயரை விட்டுவிட்டது. அவள் பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. அப்புறம்தான் தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது.

சமையலறைக்குள் நகங்களின் சத்தம்.

டைல்ஸ் தரையில், நிதானமாக, கூடத்தை நோக்கி.

மரத்தூள் வாசனை அறைக்குள் நிறைந்தது. கூடத்தில் எதுவும் இல்லை. ஆனால் தரை விரிப்பு ஓரிடத்தில் மடிந்தது. பிறகு அதற்கும் இந்தப் பக்கம் மடிந்தது. பூந்தி கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அதன் அடியில் ஈரம் பரவியது.

கட்டில் ஒரு பக்கமாக அழுந்தியது.

பூந்தியின் முதுகில், தையல் போட்ட இடத்துக்கு மேலே, மயிர் அழுந்திப் பள்ளமானது. பூந்தி கத்தக்கூட இல்லை. ஷாலினியைப் பார்த்தது. அவ்வளவுதான்.

வேறு எங்கேயாவது கை காட்டவேண்டும். ஜன்னலா? கீழே பிள்ளைகள். வாசலா?

கதவு தட்டப்பட்டது. "பிள்ளே, கதவத் தொற. மீன் கொழம்பு கொண்டாந்திருக்கேன், சூடா இருக்கு." கனகவள்ளியின் குரல்.

பூந்தியின் முதுகில் பள்ளம் ஆழமானது.

ஷாலினி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். நீட்டிய விரலைத் திருப்பித் தன் நெஞ்சில் வைத்தாள். இந்தமுறை அவள் வாயில் ஷூ வரவில்லை.

"சூ" என்றாள்.

கட்டில் நிமிர்ந்தது. வெதுவெதுப்பான, அழுகிய மூச்சு அவள் முகத்தில் பட்டது. கண்களை இறுக்க மூடிக்கொண்டாள். கழுத்தில் பல் இறங்கும் என்று காத்திருந்தாள். மூச்சு அவள் கழுத்தை முகர்ந்தது, தோளை முகர்ந்தது, நெஞ்சில் வைத்த விரலை நெடுநேரம் முகர்ந்தது. ஏவிய ஆளைக் கடிக்க அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. கனமான ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டு, அவள் பாதங்களின் மேல் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஷாலினி குடை எடுத்துக்கொண்டு போவதில்லை. பெரிய ரோட்டில் பூந்தியோடு நடந்தால் கறிக்கடை நாய்கள் எழுந்து வாலை இடுக்கிக்கொண்டு விலகிப் போயின. பூந்திகூடப் பயப்படுவதை விட்டுவிட்டது. நிமிர்ந்த வாலோடு ராணி மாதிரி நடந்தது. அவள் இத்தனை நாள் வேண்டியது இதைத்தான். ஆனால் ஷாலினிக்கு நிம்மதி இல்லை. ரிக்‌ஷாவை நிறுத்தக் கை நீட்டமாட்டாள். கடையில் சாமானைச் சுட்டிக்காட்டாமல் பெயர் சொல்லித்தான் வாங்குவாள். தெருவில் நடக்கும்போது வலது கையை எப்போதும் மூடியே வைத்திருந்தாள். கனகவள்ளி காரணம் கேட்டதற்குச் சுளுக்கு என்றாள்.

ஒருநாள் காலை, படியிறங்கும்போது இரண்டாம் மாடி கௌசிக் எதிரே வந்தான். பேங்கில் வேலை பார்ப்பவன். புதிதாக ஒரு நாய்க்குட்டி வாங்கியிருந்தான். அதன் முதல் வாக்கிங் போலிருக்கிறது, கழுத்தில் ரிப்பன்கூடக் கட்டியிருந்தான். குட்டி ஷாலினியைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வீறிட்டது. கௌசிக் அதை அள்ளித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டான். அவன் பார்வை பூந்தியின் மேல் இல்லை. ஷாலினியின் பின்னால், அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது.

"என்னக்கா இது, இத்தன பெருச இப்டி அவுத்து விட்டிருக்கீங்க? புடிச்சு வைங்க, பகட்கே ரகோ நா, ப்ளீஸ்!"

ஷாலினி திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டு காலியாக இருந்தது.

மூடியிருந்த அவள் வலது கையை ஈரமான மூக்கு ஒன்று முட்டியது. விரல்களை ஒவ்வொன்றாக நெம்பி, மெல்லத் திறக்கப் பார்த்தது.